கொடாமையும் ஒரு கொடை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஒரு நண்பர் வீட்டுக் கார்க்கொட்டகையில் ஏழு மடக்கு நாற்காலிகளுடன் தொடங்கியது நம் வட்டம். அந்த ஏழில் ஒன்றில் அமர்ந்தவன் என்பதைத் தவிர, இந்தப் பத்தாம் ஆண்டு விழாவில் பேசுவதற்கு எனக்கு வேறு தகுதி இல்லை. எனக்கு முன் பேசியவர்கள் படிமத்தைப் பற்றியும் யாப்பைப் பற்றியும் அரிய கருத்துகளைச் சொல்லி அமர்ந்தார்கள். நான் கவிதை எழுதுபவன் அல்லன். பத்தாண்டுகளாக உங்கள் கவிதைகளைக் கேட்டு வருபவன். ஆகவே எனக்கு நேரில் தெரிந்த ஒரு பொருளைப் பற்றியே பேசுகிறேன் என்று செயலாளரிடம் சொன்னேன். என்ன பொருள் என்று கேட்டார். "கரடி" என்றேன். சிரித்தார். மலைநடைக்குப் போகிறவன் காரை நிறுத்திவிட்டுப் போகும்போது கட்டுச்சோற்றை எங்கே வைத்துவிட்டுப் போவது என்பதுதான் பொருள் என்று விளக்கினேன். இன்னும் உரக்கச் சிரித்தார். இப்போது நீங்களும் சிரிக்கிறீர்கள். நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எங்கே நின்றது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

2004ஆம் ஆண்டுக் கோடை. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் உள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்கு நானும் இரு நண்பர்களும் போயிருந்தோம். அவ்விருவரும் இந்த அவையில்தான் இருக்கிறார்கள். நான் சொல்வதில் பிழையிருந்தால் எழுந்து திருத்தலாம். ஹாப்பி ஐல்ஸ் என்னும் இடத்தில் தொடங்கும் பாதையில் ஏறி, வெர்னல், நெவாடா ஆகிய இரண்டு அருவிகளையும் கடந்து, மேலே ஓரிரவு கூடாரத்தில் தங்கி, மறுநாள் ஹாஃப் டோம் என்னும் பெரும்பாறையைத் தொட்டுவிட்டுத் திரும்புவது எங்கள் திட்டம். அனுமதிச் சீட்டு வாங்கிய இடத்தில், கரடியால் திறக்க முடியாத உருளை டப்பா ஒன்றை வாடகைக்குக் கொடுத்தார்கள். மேலே கொண்டுபோகும் உணவு முழுவதும் அதற்குள் இருக்க வேண்டும். வாகனத்தில் உணவு எதையும் இரவில் விட்டுவைக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். தலையாட்டினோம்.

பாதை தொடங்கும் இடத்துக்குரிய வாகன நிறுத்துமிடத்தில் என் வேனை நிறுத்தினோம். ஓரமாகப் பழுப்பு நிற எஃகுப் பெட்டகங்கள் வரிசையாக இருந்தன. பனிக்கட்டிப் பெட்டியையும் மிச்சமிருந்த புளியோதரையையும் பழங்களையும் அவற்றில் ஒன்றில் வைத்துத் தாழிட்டோம். தோளில் பையை மாட்டிய பிறகுதான், பின்னிருக்கையின் கீழே அம்மா கொடுத்துவிட்ட பை கிடப்பது என் கண்ணில் பட்டது. அம்மா அப்போது திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். மலையிலிருந்து இறங்கி வரும்போது பசிக்கும் என்று ஒரு எவர்சில்வர் சம்படத்தில் முறுக்கும் கடலைமிட்டாயும் போட்டு, செய்தித்தாளில் சுற்றி, கூடவே ஒரு சிறு புட்டியில் தேங்காய் எண்ணெயும் வைத்திருந்தார். பெட்டகம் முப்பதடி தூரத்தில் இருந்தது. இறுக மூடிய சம்படத்திலிருந்து என்ன வாசனை வெளியே வரப்போகிறது என்று நினைத்தேன். பையை இருக்கைக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளிவிட்டுக் கதவைப் பூட்டினேன். தெரியாமல் செய்த பிழை என்று இதை நான் சொல்லிக்கொள்ள முடியாது. தெரிந்தே செய்த சோம்பல் அது.

மறுநாள் மாலை கால் ஓய்ந்து இறங்கி வந்தோம். வேனின் பின்கதவு, வாழைப்பழத் தோலை உரித்தாற்போல் மேலிருந்து கீழாக மடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி தூள்தூளாகக் கிடந்தது. இருக்கையின் பஞ்சு தரையெங்கும் பறந்தது. சம்படம் நசுங்கி, பல் பதிந்த துளைகளோடு புல்லில் கிடந்தது. என் மூன்று வயது மகனின் குழந்தை இருக்கையும் கிழிந்திருந்தது; அதன் மடிப்புகளில் பிசுக்கோத்துத் தூள் இருந்திருக்க வேண்டும். கிழிந்த அந்தச் சிறு இருக்கையைப் பார்த்தபோதுதான் எனக்குச் சிரிப்பு முற்றாக நின்றது.

வனக்காவலர் ஒரு பெண்மணி. படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். "உள்ளே என்ன உணவு இருந்தது?" என்று கேட்டார். எங்களில் ஒருவர், யார் என்று சொல்லமாட்டேன், "ஒன்றுமில்லை" என்றார். அவர் குனிந்து சம்படத்தை எடுத்து, எங்கள் முன் நீட்டினார். வேறொன்றும் கேட்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. எழுதிக்கொண்டே போனார். அபராதம் வருமோ என்பதுதான் அப்போது எனக்கு முதற்கவலை. இரண்டாவதாகத்தான், "அந்தக் கரடியை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். அது ஒரு குட்டியோடு திரியும் தாய்க்கரடி என்றும், அந்தக் கோடையில் அவ்வரிசையில் வேறு வண்டிகளையும் அது திறந்திருக்கிறது என்றும் சொன்னார். இப்படியே போய் மனிதர்களை நெருங்கி மிரட்டத் தொடங்கினால் கொல்ல வேண்டி வரும் என்றார். வேறு காட்டில் கொண்டுபோய் விடக்கூடாதா என்றேன். "திரும்பி நடந்து வந்துவிடும். வராவிட்டால் போன இடத்திலும் கார்களைத்தான் தேடும்" என்றார். "குட்டி?" என்றேன். "அது நேற்றிரவு கற்றுக்கொண்டது" என்றார்.

அந்தத் தாயும் குட்டியும் பின்னர் என்னவாயின என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

வீடு திரும்பி அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். கார் போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "பசிக்குத்தானய்யா வந்துது? நாலு முறுக்குக்கு ஒரு உசுரா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை. இந்த உரை முழுவதும் அம்மாவின் அந்தக் கேள்விக்கு நான் தேடிக்கொண்ட விடைதான்.

நண்பர்களே, கொடுப்பது அறம் என்று வளர்ந்தவர்கள் நாம். காக்கைக்கு வைக்காமல் உண்ணாத வீடுகள் நம் வீடுகள். வாசலில் அரிசிமாவால் கோலமிடுவது எறும்புக்கும் உணவாகட்டும் என்றுதான் என்று நமக்குச் சொல்லித் தந்தார்கள். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும், மயிலுக்குப் போர்வை அளித்த பேகனையும் வள்ளல்கள் என்று கொண்டாடுகிறோம். மயிலுக்குப் போர்வை தேவையா என்று நாம் கேட்பதில்லை. கொடுத்தவனின் நெஞ்சைத்தான் பார்க்கிறோம். அது சரியே. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பேகனின் போர்வையால் மயிலுக்கு நன்மை விளைந்ததோ இல்லையோ, கேடு விளையவில்லை. நான் விட்டுவைத்த முறுக்கு அப்படிப்பட்டதன்று. பெறுகிறவனின் உயிருக்கே உலை வைக்கும் பொருளைக் கொடை என்று சொல்ல முடியுமா?

யோசெமிட்டியில் மனிதர்கள் கரடிக்குக் கொடுத்துப் பார்க்காமல் இல்லை. 1920களிலும் 1930களிலும் பூங்காவினரே குப்பை உணவை ஓரிடத்தில் கொட்டி, விளக்குப் போட்டு, கரடிகள் வந்து தின்பதைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்சியாக நடத்தினார்கள். மக்கள் அதை மகிழ்ந்து பார்த்தார்கள். கரடிகளோ, மனித வாடை வீசும் இடமெல்லாம் சோறு கிடைக்கும் இடம் என்று பாடம் படித்தன. 1940இல் அந்தக் காட்சி நிறுத்தப்பட்டது. பின்னர் 1970களின் தொடக்கத்தில் திறந்த குப்பைமேடுகளும் மூடப்பட்டன. ஆனால் கற்ற பாடம் மறக்குமா? தாய் குட்டிக்குச் சொல்லிக் கொடுக்க, குட்டி வளர்ந்து தன் குட்டிக்குச் சொல்லிக் கொடுத்தது. காட்சிமேடை போனால் கூடாரம். கூடாரம் காவலானால் கார். 1998ஆம் ஆண்டில் மட்டும் அப்பூங்காவில் கரடியால் நேர்ந்த சம்பவங்கள் 1,500க்கும் மேல். பொருட்சேதம் ஆறு லட்சம் டாலரைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி வாகனங்கள்.

உணவைக் காப்பாற்ற மலையேறிகள் முன்னர் கையாண்ட வழி நமக்குப் பழக்கமானதுதான். நம் பாட்டிமார் பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் வெண்ணெயை உறியில் தொங்கவிட்டார்கள். இவர்கள் உணவுப் பையைக் கயிற்றில் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டார்கள். ஆயர்பாடியில் உறிக்கு என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். சியராவிலும் அதுவே நடந்தது. கரடிகள் கயிற்றைக் கடித்து அறுத்தன. தாய் ஏற முடியாத மெல்லிய கிளையில் குட்டி ஏறியது. ஆயர்பாடித் திருடனை உரலில் கட்டியதோடு யசோதையின் கோபம் தீர்ந்தது. இந்தத் திருடனுக்கு அப்படி ஒரு தாய் வாய்க்கவில்லை. ஆகவேதான் உறியை விட்டு, காட்டுக்குள் போகிறவர்களுக்கு உருளை டப்பாவும், வாகனம் நிறுத்துகிறவர்களுக்கு எஃகுப் பெட்டகமும் வந்தன.

அந்தப் பெட்டகத்தைக் கொஞ்சம் வருணிக்க அனுமதியுங்கள். பெரும்பாலும் 45 அங்குல அகலம், 33 அங்குல ஆழம், 18 அங்குல உயரம். மழைக்கும் வெயிலுக்கும் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும். அதன் தாழ்ப்பாள் ஒரு தகட்டு மடிப்புக்குள் மறைந்திருக்கும். மனிதன் விரலை நுழைத்து விடுவித்தால்தான் திறக்கும். கரடியின் அகன்ற பாதம் அதற்குள் நுழையாது. கரடியின் பலத்தை வெல்ல முயலாமல், அதன் பாதத்தின் அளவை அறிந்து செய்த கருவி அது. பகையில்லாமல் செய்த பூட்டு என்று நான் அதைச் சொல்வேன்.

கரடி காரைத் திறக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கதவின் மேல் விளிம்பில் நகங்களைச் செருகி, உடல் எடை முழுவதையும் போட்டுக் கீழே இழுக்கும். கண்ணாடி நொறுங்கும். உள்ளே புகுந்தபின், பின்னிருக்கையைப் பிய்த்துக்கொண்டு பின்பெட்டிக்கும் போகும். ஆகவே பின்பெட்டியில் மறைத்து வைத்தோம் என்று நிம்மதி கொள்வதில் பொருளில்லை. மோப்பம் மட்டுமன்று, கண்ணும் அதற்குக் கூர்மை. பனிக்கட்டிப் பெட்டியின் வடிவம் அதற்குத் தெரியும். வெறும் பெட்டியானாலும் உடைத்துப் பார்த்துவிடும்.

இதைப் பற்றிய ஆய்வு ஒன்று 2009இல் பாலூட்டிகளைப் பற்றிய ஓர் ஆய்விதழில் வெளிவந்தது. 2001 முதல் 2007 வரை யோசெமிட்டியில் கரடிகள் உடைத்த 908 வாகனங்களை வகை பிரித்துப் பார்த்தார்கள். பூங்காவில் நிறுத்தப்படும் வாகனங்களில் மினிவேன்கள் 7 விழுக்காடு. உடைபட்டவற்றில் மினிவேன்கள் 26 விழுக்காடு. காரணம் இன்னதென்று அறுதியிட்டுச் சொல்லாமல், சில ஊகங்களை முன்வைத்தார்கள். மினிவேன் குழந்தைகளுள்ள குடும்பங்களின் வண்டி. சிந்திய தீனியின் வாடை அதில் மிகுதி. அதன் உடற்கட்டு எளிதில் வளையக்கூடியது. இல்லையெனில், சில கரடிகள் மட்டும் அந்த வண்டியில் தனித்தேர்ச்சி பெற்றிருக்கலாம். இதைப் படித்தபோது எனக்கு என் மகனின் கிழிந்த இருக்கை நினைவுக்கு வந்தது. நம் குடும்பங்களில் எத்தனை பேரிடம் மினிவேன் இருக்கிறது என்று இன்று வாசலில் எண்ணிவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

இன்னொன்று. எல்லாக் காட்டுக் கரடிகளும் ஒரே பாடம் படித்தவை அல்ல. மொண்டானாவின் கிளேசியர் பூங்காவில், கண்ணாடிகளை ஏற்றிப் பூட்டிய காருக்குள் உணவை வைப்பதை விதியே அனுமதிக்கிறது. யெல்லோஸ்டோனிலும் அவ்வாறே. யோசெமிட்டியிலோ இருட்டிய பின் காருக்குள் உணவு இருக்கவே கூடாது. மீறினால் 5,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். மொழிக்கு வட்டார வழக்கு இருப்பதுபோல் கரடிக்கும் உண்டு. ஓர் ஊரில் கற்ற வழக்கத்தை இன்னோர் ஊரில் கொண்டுபோய்ப் பேசினால் பொருள் மாறிவிடும். ஆகவே எந்தக் காட்டுக்குப் போனாலும், பாதை தொடங்கும் இடத்தில் உள்ள அறிவிப்பை நின்று படியுங்கள். கவிதையைக் கூட இரண்டாம் முறைதான் ஊன்றிப் படிப்போம். இதை முதல் முறையிலேயே ஊன்றிப் படிக்க வேண்டும்.

உணவைக் காத்து வைப்பது அப்பள்ளத்தாக்குக்கு வந்தேறிய வழக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. அங்கு வாழ்ந்த மீவோக் முதலிய பழங்குடி மக்களின் முதன்மை உணவு ஓக் மரத்தின் கொட்டை. கரடிக்கும் இலையுதிர் காலத்தில் அதுவே பேருணவு. அம்மக்கள் கம்பங்களை நட்டு, தரையிலிருந்து உயர்த்திப் பின்னிய குதிர்களில் அக்கொட்டைகளைச் சேமித்தார்கள். பூச்சி அண்டாமல் இருக்க வாசமுள்ள மூலிகைத் தழையை இடையே பரப்பினார்கள். மேலே தேவதாரு இனத்து மரப்பட்டையை வேய்ந்தார்கள். நெற்குதிரில் நொச்சித் தழையையும் வேப்பிலையையும் போட்ட நம் பாட்டிமாருக்கு இது அந்நியமாகத் தோன்றியிருக்காது. 1851இல் அவர்களை வெளியேற்ற வந்த படையினர் முதலில் எரித்தவற்றுள் அந்தச் சேமிப்புகளும் அடங்கும். ஒரே கொட்டையைத் தின்ற மனிதனும் கரடியும் நெடுங்காலம் அங்கே அருகருகே வாழ்ந்தார்கள். மனிதன் தன் பங்கைக் காத்தான். காட்டின் பங்கைக் காட்டிலேயே விட்டான்.

கலிபோர்னியாவின் கொடியில் ஒரு கரடி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கிரிஸ்லி என்னும் பெருங்கரடி. 1911இல் அக்கொடி அதிகாரபூர்வமாயிற்று. 1920களோடு அம்மாநிலத்தில் அந்த இனமே அற்றுப்போயிற்று. கொடியில் நிற்கும் விலங்கு மண்ணில் இல்லை. இன்று அங்கே எஞ்சியிருப்பது கருங்கரடி ஒன்றே. பெயர்தான் கருங்கரடி, பெரும்பாலும் பழுப்பு நிறம். ஒன்றை இழந்த மாநிலத்தில் மற்றொன்றைக் காக்கும் பொறுப்பில் ஒரு பங்கு நம் சம்படத்தின் மூடியில் இருக்கிறது என்பது மிகையன்று.

இனி, செய்யவேண்டியதைச் சொல்கிறேன். விழா மலரில் சமையற்குறிப்புப்போல் இது இடம்பெறுவதைக் கவிஞர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலாவது, உணவு என்றால் என்ன என்பதில் நம் இலக்கணத்தை விட்டுவிட்டுக் கரடியின் இலக்கணத்தைக் கைக்கொள்ள வேண்டும். வாசனையுள்ளது எல்லாம் அதற்கு உணவே. சோறும் ஊறுகாயும் மட்டுமன்று. சோப்பு, பற்பசை, வெயிலுக்குப் பூசும் களிம்பு, குழந்தையைத் துடைக்கும் ஈரத்தாள், மருந்துப் பை, திறக்காத தகர டப்பா, குப்பைப் பை, காலியான பனிக்கட்டிப் பெட்டி ஆகிய அனைத்தும் பெட்டகத்துக்குப் போகவேண்டியவை. நம் வீட்டுப் பட்டியலில் தேங்காய் எண்ணெய், காப்பிப் பொடி, ஊதுவத்தி, வாசனைத் திருநீறு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறுக மூடியிருக்கிறதே என்ற வாதம் அங்கே செல்லாது. என் சம்படமே அதற்குச் சான்று.

இரண்டாவது, பாதை தொடங்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபின் வண்டியைத் துழாவுவதைவிட, வீட்டிலிருந்து புறப்படுமுன் துழாவுவது நல்லது. இருக்கைகளின் அடியிலும், கதவுப் பைகளிலும், குழந்தை இருக்கையின் மடிப்புகளிலும் சேர்ந்ததைத் துடைத்து எடுங்கள். தேவையில்லாததைக் கொண்டுபோகாதீர்கள். நாம் ஓரிரவுக்கு ஒரு கல்யாணத்துக்குச் சமைக்கிறவர்கள். அந்த வழக்கத்தை மலையடிவாரத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைக்கலாம்.

மூன்றாவது, அங்குள்ள பெட்டகங்கள் பொதுவானவை. நாலு குடும்பத்தார் ஒன்றில் வைக்க வேண்டியிருக்கும். சொந்தப் பூட்டுப் போட்டு அடைத்துக்கொள்வது முறையன்று. உங்கள் பையின் மேல் பெயரையும் திரும்பி வரும் நாளையும் எழுதி, இடத்தைச் சுருக்கி வையுங்கள். திரும்பி வந்ததும் சிந்தியதைத் துடைத்து, எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். மிஞ்சியதை அடுத்தவனுக்கு உதவுமே என்று விட்டுவருவதும் கொடையன்று.

நான்காவது, தாழ்ப்பாள் முழுவதும் விழுந்ததா என்று இழுத்துப் பாருங்கள். பெட்டகம் நிரம்பியிருந்தால் அடுத்ததைத் தேடுங்கள். அதன் காலடியில் பையை வைத்துவிட்டுப் போவதும் காருக்குள் விட்டுப்போவதும் ஒன்றே. பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருக்கிறோமே என்று திறந்து போட்டுவிடவும் கூடாது.

இவ்வளவுதான். இதற்கு ஆகும் நேரம் கால்மணி. இதைப் பலரும் கடைப்பிடித்ததன் பயன் கண்கூடு. 1999 முதல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கெனத் தனியே பணம் ஒதுக்கியது, பெட்டகங்கள் பெருகின, காவலர்கள் இரவில் நிறுத்துமிடங்களைச் சுற்றிவந்தார்கள். 1998இல் 1,500ஐத் தாண்டிய சம்பவங்கள், அண்மைக் காலத்தில் சில ஆண்டுகளில் நூற்றைக்கூட எட்டவில்லை. மனித உணவுக்குப் பழகிய கரடிகளின் மயிரையும் எலும்பையும் ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வொன்று, 1975 முதல் 1985 வரையிலான காலத்தில் அவற்றின் உணவில் ஏறத்தாழ 35 விழுக்காடாக இருந்த மனித உணவு, 2001 முதல் 2007 வரையில் ஏறத்தாழ 13 விழுக்காடாகக் குறைந்தது என்று கண்டது. நூறாண்டுகளுக்கு முன்பிருந்த அளவு அது. கரடி மறந்ததற்குக் காரணம் மனிதன் நினைவில் வைத்துக்கொண்டதுதான்.

இனிக் கவிஞர்களுக்கு ஒரு வார்த்தை. தொல்காப்பியர் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களை வகுத்தபோது, தெய்வத்தையும் மரத்தையும் பறவையையும் போலவே, உணவையும் விலங்கையும் அந்த வரிசையில் வைத்தார். இன்ன நிலத்துக்கு இன்ன உணவு, இன்ன விலங்கு. உரிப்பொருள் தவிர மற்றவை ஒன்றோடொன்று மயங்குவதற்கும் இடம் கொடுத்தார். பாட்டில் அந்த மயக்கம் அழகு. குறிஞ்சி நிலத்து விலங்கின் வாயில் மருத நிலத்துச் சோறு போய் விழுவதும் ஒரு மயக்கந்தான். ஆனால் பாட்டுக்கு வெளியே அதன் முடிவு துப்பாக்கிக் குண்டு. சங்கப் பாடல்களில் கரடிக்கு எண்கு என்று பெயர். நள்ளிரவில் தலைவன் வரும் மலைவழியின் அச்சத்தைச் சொல்லும்போது, புற்றைத் தோண்டிக் கறையான் தேடும் எண்கை நம் புலவர்கள் காட்டுகிறார்கள். அந்த எண்கு தலைவனின் கட்டுச்சோற்றைத் தேடி வரவில்லை. அதற்குரியதை அதற்குரிய இடத்தில் அது தேடிக்கொண்டிருக்கிறது. அந்தப் புலவர்கள் அதை அஞ்சினார்கள். ஆயினும் அதன் உணவை அறிந்திருந்தார்கள்.

2005ஆம் ஆண்டு கோடையில் அம்மாவையே யோசெமிட்டிக்கு அழைத்துப் போனேன். நான் சொல்லாமலே வண்டியிலிருந்த அனைத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். இடுப்பில் செருகியிருந்த திருநீற்றுப் பொட்டலத்தையும் தயங்கித் தயங்கி எடுத்துத் தந்தார். தாழ்ப்பாளைத் தாமே போட வேண்டும் என்றார். போட்டபின் கதவின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சற்று நின்றார். "அப்போ அது பட்டினி கெடக்குமோ?" என்றார். அன்று பிற்பகல் ஒரு புல்வெளியின் மறுகரையில், நெடுந்தொலைவில், ஒரு கரடியைக் கண்டோம். இற்றுப்போன மரக்கட்டை ஒன்றை முன்காலால் பிளந்து, உள்ளிருந்த எறும்புகளை நக்கிக்கொண்டிருந்தது. தலை நிமிர்ந்து எங்களை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அதுக்கு வேண்டியது அதுகிட்டயே இருக்குய்யா. நாமதான் ஒண்ணும் குடுக்காம இருக்கணும்" என்றார்.

என் பல பக்கக் குறிப்புகளை அம்மா ஒரு வரியில் சொல்லிவிட்டார். கொடுப்பது கடினம் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். கொடுக்க ஆசையிருந்தும், பெறுகிறவனின் நன்மை கருதிக் கையை மூடிக்கொள்வது அதனினும் கடினம். அதையும் கொடையின் கணக்கிலேயே சேர்க்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

வரும் கோடையில் நம் வட்டம் சியராவில் ஒரு கவியரங்கம் நடத்தப்போவதாகச் செயலாளர் அறிவித்திருக்கிறார். வண்டி ஓட்டிவருகிறவர்கள் இருக்கைகளின் அடியைப் பார்த்துவிட்டு வாருங்கள். பெட்டகத்தின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கும் பொறுப்பை எனக்குக் கொடுங்கள். கவிதை கேட்பதைத் தவிர இவ்வட்டத்துக்கு நான் செய்யக்கூடிய பணி அதுவே.